விலைப்பட்டியலில் எழுதாத காரணம்

2025 செப்டம்பர் 1 முதல் சென்னையில் ஒரு கிளாஸ் டீயின் விலை 12 ரூபாயிலிருந்து 15 ஆகவும், காபியின் விலை 15 ரூபாயிலிருந்து 20 ஆகவும் ஏறியது. டீக்கடைக்காரர்கள் சங்கமாகக் கூடி முடிவெடுத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்த உயர்வு. பால் விலை, தூள் விலை, போக்குவரத்துச் செலவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் காரணங்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளாஸ் டீயில் பால் நூறு மில்லியைத் தாண்டாது. பால் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறினாலும் கிளாஸுக்கு நாற்பது காசுதான். தூள் நான்கு கிராம் என்றால், கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஏறியிருந்தாலும் இருபது காசு. சர்க்கரை, கேஸ் என்று இன்னும் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு ரூபாயைத் தொடுவது சிரமம். மீதி இரண்டு ரூபாய் எங்கே போகிறது? கடை வாடகைக்கு, டீ மாஸ்டரின் சம்பளத்துக்கு, கிளாஸ் கழுவும் பையனின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும், முதலாளி வீட்டுப் பள்ளிக் கட்டணத்துக்கு. அத்தனையும் நியாயமான செலவுகள். அப்படியிருந்தும் கல்லாவுக்கு மேலே ஒட்டப்படும் தாளில் முதல் வரியில் நிற்பது பால்தான். அந்தத் தாளில் மாடு இருக்கிறது, தேயிலைத் தோட்டம் இருக்கிறது, லாரி இருக்கிறது. அடுப்பின் முன்னால் நிற்கிற மனிதர் மட்டும் இல்லை.

இது மறதியால் நேர்ந்தது அல்ல. சிறு சேவைத் தொழில்கள் விலையை ஏற்றும்போது எந்தக் காரணத்தைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வாடிக்கையாளர்களாகிய நாம்தான் தீர்மானித்து வைத்திருக்கிறோம். டேனியல் கனேமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசி வழியாக நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பொருளியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்கும் கடைக்காரர், பனிப்புயலுக்கு மறுநாள் 20 டாலர் என்கிறார். இது நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கடைக்காரரின் கொள்முதல் விலை ஏறியதால் அவரும் ஏற்றினார் என்ற வகைக் கதைகளைச் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். மக்களின் நியாய உணர்வில் விற்பவருக்கு இருக்கும் உரிமை, பழைய லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை மட்டுமே. வெளியிலிருந்து வந்த அடியை எங்கள் மேல் தள்ளிவிடு, பரவாயில்லை. நீயாக மேலே ஏற நினைக்காதே என்பதுதான் அந்தத் தீர்ப்பு. பொருள் விற்பவர் இந்த நிபந்தனைக்குள் பிழைத்துவிடலாம். அவருடைய விலையில் பெரும்பங்கு உண்மையிலேயே கொள்முதல்தான். சேவை விற்பவர் என்ன செய்வார்? முடி வெட்டுகிறவர் எதைக் கொள்முதல் செய்கிறார்? ஒரு பிளேடு, கொஞ்சம் பவுடர், ஒரு துண்டு துவைக்கும் செலவு. அவர் விற்பது தன்னுடைய இருபது நிமிடத்தை. அந்த இருபது நிமிடத்தின் விலை ஏறிவிட்டது என்று சொல்ல நம் நியாய அகராதியில் வாக்கியம் இல்லை. ஆகவே அவர் பிளேடு விலையைச் சொல்கிறார், வாடகையைச் சொல்கிறார், கரன்ட் பில்லைச் சொல்கிறார்.

அந்த இருபது நிமிடத்தின் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966இல் நாடக, இசைக் குழுக்களின் செலவை ஆராய்ந்தபோது ஒரு விடை சொன்னார்கள். நால்வர் வாசிக்கும் ஒரு இசைப்படைப்பை வாசிக்க நூறாண்டுகளுக்கு முன் எத்தனை பேர், எத்தனை நிமிடம் தேவைப்பட்டதோ, இன்றும் அதே பேர், அதே நிமிடம். தொழிற்சாலையில் ஒரு ஆளின் உற்பத்தி பல மடங்காகிவிட்டது, கூலியும் கூடிவிட்டது. வாசிப்பவரின் கூலி கூடாவிட்டால் அவர் வயலினை வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். இதைச் சென்னையின் அடையாறுக்குக் கொண்டுவந்து பார்ப்பது எளிது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் முளைத்தன; அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்திரா நகரும் கஸ்தூர்பா நகரும் சாஸ்திரி நகரும் குடியிருப்புகளாயின. அவர்களின் சம்பளம் ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. கஸ்தூர்பா நகரில் இரண்டு நாற்காலி போட்டு நடக்கும் சலூனில் ஒரு தலைக்கு ஆகும் நேரம் மட்டும் மாறவில்லை. கத்தரிக்கோலுக்கு மென்பொருள் கிடையாது. அந்தத் தொழிலாளி அங்கேயே நிற்க வேண்டுமென்றால் அவர் வருமானம் சுற்றியிருப்போரின் வருமானத்தை, பின்தங்கியாவது, தொடர்ந்து போயே ஆக வேண்டும். அப்படியானால் முடிவெட்டும் கட்டணம் ஏறியதற்கு முதல் காரணம் பிளேடு அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் சம்பள உயர்வு. அவரிடம் இதை யார் சொல்வது?

இப்படிச் சொல்லாமல் விடுவதால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு ஆட்டோவைவிடத் தெளிவான சாட்சி சென்னையில் இல்லை. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு ஆட்டோ கட்டணத்தைத் திருத்தியது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அதற்கு முன் 2007இல் வந்த கட்டணம் இரண்டு கிலோமீட்டருக்கு 14, பிறகு கிலோமீட்டருக்கு 6. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. ஓட்டுநர் தானாக விலை சொல்ல முடியாது. அரசு சொல்ல வேண்டும், அரசு 2013க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் வாய் திறக்கவில்லை. கடைசியில் 2025 பிப்ரவரி 1இலிருந்து முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே அறிவித்தன. தன்னிச்சையான அறிவிப்பு செல்லாது என்றது அரசுத் தரப்பு. இந்த இடைப்பட்ட காலம் முழுவதும் ஓட்டுநர்கள் சொல்லிவந்த காரணம் பெட்ரோல். அதையும் கணக்குப் பார்ப்போம். 2013இல் சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025இல் 101 ரூபாயை ஒட்டி. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அன்று கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய், இன்று நான்கு ரூபாய்ச் சொச்சம். ஒரு ரூபாய்தான் வித்தியாசம். சங்கங்கள் கேட்ட உயர்வு ஆறு ரூபாய். பெட்ரோலைக் காரணமாகச் சொல்வதன் மூலம் ஓட்டுநர் தனக்குச் சேர வேண்டிய ஆறில் ஒரு பங்குக்கு மட்டுமே வழக்காடியிருக்கிறார். மீதி ஐந்து ரூபாய்க்கு வாதமே வைக்கவில்லை. ஆகவே அது பேராசையாகத் தெரிகிறது.

அந்த ஐந்து ரூபாய் பேராசை அல்ல. வண்டிக் கடன், இன்சூரன்ஸ், எஃப்.சி., பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது, அடையாறுக்கே உரியது. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களில் பலர் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கண்ணகி நகருக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாகப் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் ஆட்டோ ஓட்டவும் பழைய இடத்துக்கே திரும்பி வருபவர்கள் அவர்களில் உண்டு. காலையில் பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு வரை காலி வண்டியாக ஓட்டி வரும் தூரத்துக்கு எந்த மீட்டரிலும் பணம் விழாது. நகரம் தன் வேலைக்காரர்களைத் தூரத்தில் குடிவைத்தது. அதன் செலவு சேவையின் விலைக்குள் வந்து உட்காராமல் வேறெங்கே போகும்? எந்த ஓட்டுநரும் சவாரியிடம் இப்படிப் பேசுவதில்லை. “பெட்ரோல் விக்கிற விலையில கட்டுப்படி ஆகல சார், மேல போட்டுக் குடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சவாரியும் மனதுக்குள் பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஏமாற்றுகிறான் என்ற முடிவுக்கு வருகிறார். சென்னை ஆட்டோக்காரரின் கெட்ட பெயரில் ஒரு பகுதி அவரே சம்பாதித்தது என்பதை மறுக்கவில்லை. மீட்டரைத் துணியால் மூடிவைத்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் செல்லாத விலையைச் சட்டம் வைத்திருக்கும்போது, செல்லும் விலையைச் சொல்பவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சட்டத்தை மீறியவராகத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

உழைப்பின் விலையை உச்சரிக்க முடியாமல் இருப்பதற்குப் பொருளியல் காரணம் மட்டும் போதுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கனேமன் குழுவினரின் விடை கனடாவுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்; நமக்கென்று ஒரு மிச்சம் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜாகீரின் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலில் எந்த ஊழியருக்கு எவ்வளவு பங்கு என்பது அந்தக் கணக்குகளில் இருக்கிறது. வண்ணாருக்கும் நாவிதருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் களத்திலேயே நெல் அளந்து ஒதுக்கப்பட்டது. இதைக் கிராம சமுதாயத்தின் ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. வேறொன்றுக்கும் இது சான்று. நாவிதர் ஒரு தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லவில்லை, சொல்லும் இடத்தில் அவர் இல்லை. பங்கை நிர்ணயித்தது வழக்கம்; வழக்கத்தை நடத்தியவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அவர் பெறுவது கூலிக்கும் தானத்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது. நெல் போய் ரூபாய் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இருந்தாலும் இன்று நகரத்தில் விலை ஏற்றத்துக்குக் கூச்சப்படும் தொழில்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: முடி வெட்டுவது, துணி தேய்ப்பது, செருப்பு தைப்பது, பாத்திரம் துலக்குவது. காரணமே சொல்லாமல் கட்டணத்தை உயர்த்தும் தொழில்களையும் நினைத்துப் பாருங்கள்: மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 500இலிருந்து 700 ஆனால் வரவேற்பறையில் பஞ்சு விலை ஏறிவிட்டது என்று யாரும் தாள் ஒட்டுவதில்லை. தணிக்கையாளர் காகித விலையைச் சொல்வதில்லை. அவர்கள் நேரத்துக்கு விலை உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அவரவர் படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை அது என்று சொல்லலாம். படிப்பு மட்டும்தான் அந்த எல்லைக்கோட்டை வரைந்தது என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

உழைப்பின் விலைதான் ஏறுகிறது என்று உள்ளதைச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்பது முதல் மறுப்பு. கடைக்காரர்களின் அனுபவத்திலிருந்து வருவதால் இதை எளிதாகத் தள்ள முடியாது. காந்தி நகர்க் குறுக்குத் தெருவில் மரத்தடி இஸ்திரி வண்டிக்காரர், “என் உழைப்புக்கு இனிமே உருப்படிக்கு ரெண்டு ரூபா கூடும்மா” என்றால், அடுத்த தெரு வண்டிக்குத் துணி மூட்டை போய்விடலாம். கரி விலை ஏறிவிட்டது என்றால் போகாது; கரி விலை அடுத்த தெருவிலும் ஏறியிருக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். பொதுவான காரணம் சொல்பவரைக் காப்பாற்றுகிறது. சலூன்களில் புத்தாண்டை ஒட்டிச் சங்கத்தின் பெயர் போட்ட விலைப்பட்டியல் மாட்டப்படுவதும் இந்தப் பாதுகாப்புக்காகத்தான், “நான் ஏத்தல சார், சங்கத்துல ஏத்திட்டாங்க.” இந்தத் தந்திரத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சங்கம் என்ற கேடயம் இருக்கும்போது அதன் பின்னால் ஏன் இன்னொரு பொய்க் கேடயம்? தனி மனிதர் சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தானே சங்கம். ‘தொழிலாளர் கூலி உயர்வு காரணமாக’ என்று பட்டியலின் தலையில் சங்கம் அச்சடித்தால் அடுத்த தெருவிலும் அதே பட்டியல்தான் தொங்கும். மேலும், கரி என்ற காரணத்துக்கு ஆயுள் குறைவு. கேஸ் சிலிண்டரில் ஓடும் இஸ்திரிப் பெட்டி வந்த பிறகு கரியைச் சொல்ல முடியாது. சிலிண்டரைச் சொன்னால் அதன் விலை இறங்கவும் செய்கிறது: வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் சென்னையில் 2022 மே மாதம் 2,500 ரூபாயைத் தாண்டியது, 2023 செப்டம்பரில் 1,700க்குக் கீழே வந்தது. ஏறும்போது சிலிண்டரைக் காட்டி ஏற்றிய எந்த விலையும் இறங்கும்போது இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டியதும் இல்லை, காரணம் சிலிண்டர் அல்லவே. ஆனால் காரணத்தைச் சிலிண்டர் என்று எழுதிக் கொடுத்தவர் இதை எப்படி விளக்குவார்?

வாடிக்கையாளர் சண்டை போடுவது உயர்வின் அளவுக்காகவா, அது சொல்லப்படும் விதத்துக்காகவா என்பதைச் செயலிகள் நமக்குக் காட்டிவிட்டன. ஆட்டோ ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர், மழை நாளில் ஓலாவோ ஊபரோ காட்டும் அறுபது ரூபாய் கூடுதலை ஒரு பெருமூச்சோடு ஏற்றுக்கொள்கிறார். பனிப்புயல் மண்வெட்டி உதாரணத்துக்கு இதைவிடச் சரியான சென்னைப் பதிப்பு கிடையாது. 82 சதவீதம் பேர் அநியாயம் என்று சொல்லும் அதே காரியம். வித்தியாசம் இரண்டு. தொகை ஏறி உட்காருவதற்கு முன்பே தெரிகிறது. ஏன் என்று கேட்க எதிரில் முகம் இல்லை. இரண்டாவது சிறு தொழில்காரருக்கு வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம். முதலாவது அவர் கைக்குள்ளேயே இருக்கிறது. சண்டைகளில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு தொகை சொல்லப்படும் இடங்களில்தான் நடக்கிறது: இறங்கும்போது சொல்லும் ஆட்டோ, மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் புரட்டும்போது ‘இந்த மாசத்துலேருந்து ஏத்திருக்கேன்’ என்னும் இஸ்திரிக் கணக்கு, மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூலி பேசும் ரிப்பேர்காரர். சொல்லாமலே ஏற்றும் வழிகளும் உண்டு. கிளாஸ் அரை விரல் குட்டையாகிறது, வடையின் ஓட்டை பெரிதாகிறது. வாடிக்கையாளர் இதைக் கவனிக்கமாட்டார் என்று நினைப்பது அவரைப் பற்றிய தப்புக்கணக்கு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அடையாறில் எல்லோரும் கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அல்ல. 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் இங்கேதான் டீ குடிக்கிறார்கள், ஆட்டோ ஏறுகிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் பழைய தெருக்களில் நிறையப் பேர். வாடிக்கையாளரின் சம்பளம்தான் விலையை ஏற்றுகிறது என்ற என் வாதம், சம்பளமே இல்லாதவர் மீதும் அந்த விலையைச் சுமத்துகிறது. பட்டியலில் விலையை எழுதி மாட்டிவிட்டால் ஆளைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும் தாராளத்துக்கு இடமிருக்காது என்றும் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. பேரம் சில நேரம் இரக்கத்துக்கு வழிவிடுகிறது. ஆனால் பேரத்தில் வெல்பவர் பெரும்பாலும் ஏழை அல்ல, ஊர் தெரிந்தவர். கையில் பரிசோதனை அறிக்கையோடு சென்ட்ரலில் இறங்கி அடையாறுக்குப் போக வேண்டும் என்று நிற்பவருக்கு நியாயமான தொகை எது என்றே தெரியாது. விலை சொல்லப்படாத சந்தையில் அதிகம் இழப்பவர் அவர்தான். எழுதிய விலை இருக்கும் இடத்திலும், அவரிடம் பத்து ரூபாய் குறைவாக வாங்க ஓட்டுநருக்குத் தடையில்லை. எழுதிய விலை உள்ளூரில் உழைப்பவருக்கும் எட்டாத உயரத்துக்குப் போனால் என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு விடை டீக்கடைத் தாளில் கிடைக்காது; அம்மா உணவகத்திலும் மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்திலும் தேட வேண்டியது அது. ஏழை வாடிக்கையாளருக்கான மானியத்தை இன்னொரு ஏழையின் கூலியிலிருந்து எடுப்பதுதான் இப்போது நடக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏற்றுவது என்பதைச் சிறு தொழில்கள் அரசிடமிருந்து எதிர்மறையாகக் கற்றுக்கொள்ளலாம். 2011 நவம்பருக்குப் பிறகு பேருந்துக் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்து, 2018 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் ஏற்றினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று. மின் கட்டணத்தில் 2022க்குப் பிறகு ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் திருத்தும் முறை வந்தது. முணுமுணுப்பு இருக்கிறது, அதிர்ச்சி இல்லை. தேதி தெரிந்த சிறு உயர்வுக்குக் காரணமே பெரிதாகத் தேவைப்படுவதில்லை, அடுத்த ஜூலையில் கொஞ்சம் ஏறும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். மூன்று வருடம் தாக்குப்பிடித்து ஒரேயடியாக ஐந்து ரூபாய் ஏற்றுகிற காபிக்குத்தான் பால், தூள், லாரி எல்லாவற்றையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும் டீக்கடை முதலாளியோ சலூன் முதலாளியோ ‘கூலி உயர்வு’ என்று எழுதத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது வாடிக்கையாளரைச் சேர்ந்ததல்ல. அந்தத் தாளுக்கு இரண்டு வாசகர்கள். கல்லாவின் இந்தப் பக்கம் நிற்கும் நாம் ஒருவர். பாய்லர் பக்கத்தில் நிற்கும் மாஸ்டரும், இரண்டாவது நாற்காலியில் பாதிப் பங்குக்கு முடி வெட்டுபவரும், வடக்கிலிருந்து வந்து கடை மாடியிலேயே தூங்கும் பையனும் மற்றவர். பால் விலை ஏறியதால் டீ 15 ரூபாய் என்றால் மாஸ்டர் கேட்க ஒன்றுமில்லை, பணம் பால்காரருக்குப் போகிறது. கூலி உயர்ந்ததால் டீ 15 ரூபாய் என்று கடை வாசலில் எழுதி ஒட்டினால், அன்று சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் மாஸ்டர் கல்லாப் பக்கம் வந்து நின்று, “யார் கூலிண்ணே?” என்று கேட்பார்.